பக்கத்து வீடு எப்போது எதிரி வீடு ஆகிறது?

பீச் ஸ்டேஷனை ஒட்டி, பர்மா பஜாருக்குப் பின்னால் இருக்கிற செகண்ட் லைன் பீச் தெருவில் சாயங்காலம் நடந்தால் வரிசையாக அத்தோ கடைகள். நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணி, நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு தட்டை எல்லாம் போட்டு, கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பும் தருவார்கள். வடசென்னைக்காரர்களுக்கு இது பழகிப்போன சாப்பாடு. தமிழ்க் குடும்பங்கள் ஏன் பர்மாக்காரர்களின் உணவைத் தலைமுறை தலைமுறையாக விற்கிறார்கள் என்று கேட்டால், நாம் பேசவேண்டிய விஷயத்துக்கு நேராகப் போய்விடலாம்.

இந்தக் குடும்பங்களின் தாத்தா பாட்டிகள் ரங்கூனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பர்மியர்களோடு ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைக் கற்றுக்கொள்கிற அளவுக்கு நெருக்கம் இருந்தது. பிறகு என்ன ஆயிற்று? 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் தெலுங்கர்கள். அவர்கள் இடத்தில் பர்மியர்களை வேலைக்கு எடுத்தார்கள். வேலைநிறுத்தம் தீர்ந்ததும் பர்மியர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். அன்று மூண்ட கலவரத்தில் நூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அதே சமயத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் அடுத்த சில ஆண்டுகளில் செட்டியார்களின் கைக்குப் போனது. 1930களின் கடைசியில் தெற்கு பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால் பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. விவசாயியின் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தக் கோபம் எங்கே போய் விழுந்தது என்று பாருங்கள். வட்டிக்குக் கொடுத்தவர் செட்டியார். மூட்டை தூக்கியவரும் ரிக்‌ஷா இழுத்தவரும் பலகாரம் விற்றவரும் வேறு ஆட்கள். அவர்களுக்கும் செட்டியாருக்கும் இருந்த ஒரே பொதுவான விஷயம், கடல் கடந்து வந்தவர்கள் என்பதுதான். 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூனில் குண்டு போட்டபோது சுமார் 5 லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள். ஜப்பான் குண்டுக்குப் பயந்தவர்கள் பலர், அக்கம்பக்கத்தவருக்குப் பயந்தவர்களும் பலர். காடு, மலை வழியாக நடந்தவர்களில் பல்லாயிரம் பேர் ஊர் வந்து சேரவில்லை. மிஞ்சியிருந்தவர்களையும் போருக்குப் பின் திரும்பிப் போனவர்களையும் 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு விடவில்லை. 1964இல் கடைகளை நாட்டுடைமை ஆக்கியது. சுமார் 3 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர்தான் வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியேறி, பர்மா பஜாரில் கடை போட்டார்கள்.

ஒரு சிலர் செய்ததற்கு, அவர்களைச் சேர்ந்தவர்கள் என்று நாம் நினைக்கிற எல்லாரையும் பொறுப்பாக்குவதைக் கூட்டுப் பழி என்று சொல்லலாம். போர் ஒரு குடும்பத்தை எதிரியாக்கும் வேலையில் இதுதான் அஸ்திவாரம். குடும்பம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. 'அந்தப் பக்கம்' என்று கணக்கில் எழுதப்பட்டால் போதும்.

சரி, இப்படிப் பக்கம் பிரிக்க எவ்வளவு பெரிய காரணம் வேண்டும்? இந்தக் கேள்வியை வாழ்க்கை முழுக்கச் சுமந்த ஒரு மனிதர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மானியர்களிடம் கைதியானவர். விடுதலையாகி வந்து பார்த்தால் குடும்பத்தில் அநேகமாக எல்லாரையும் நாஜிகள் கொன்றிருந்தார்கள். பிறகு இங்கிலாந்தில் உளவியல் ஆசிரியரானார். 1970 வாக்கில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். வயது 14, 15. ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். பால் க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருக்கு எது பிடித்திருக்கிறது என்பதை வைத்து இரண்டு குழுவாகப் பிரிப்பதாகச் சொன்னார். உண்மையில் குருட்டாம்போக்கில்தான் பிரித்தார். யார் எந்தக் குழு என்று பையன்களுக்குத் தெரியாது, தன் குழு எது என்பது மட்டும் தெரியும்.

பிறகு ஒவ்வொருவனையும் தனியாக உட்காரவைத்து, மற்றவர்களுக்குக் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னார். அவனுக்கு அதிலிருந்து ஒரு பைசா கிடையாது. இருந்தும் தன் குழுக்காரனுக்கு அதிகமாகக் கொடுத்தார்கள். இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இரண்டு பக்கத்துக்கும் நிறைய கிடைக்கிற வழியும் முன்னால் இருந்தது. அப்படியிருந்தும், தங்கள் பக்கத்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அவர்களைவிட நமக்குக் கூட வரவேண்டும் என்ற வழியின் பக்கமே பையன்களின் கை சாய்ந்தது. சண்டை நடக்கவில்லை, பழைய பகை இல்லை, எதிர்ப்பக்கத்துக்காரன் முகம்கூடத் தெரியாது. பிரித்தது ஒன்றே போதுமாக இருந்தது. வெறுப்பு வந்த பிறகுதான் மனிதர்கள் பிரிகிறார்கள் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பல நேரம் பிரிவினைதான் முதலில் வருகிறது, வெறுப்பு மெதுவாகப் பின்னால் வந்து சேர்கிறது.

சோதனையில் தாஜ்ஃபெல் செய்ததை நாட்டில் அரசாங்கம் செய்கிறது, காகிதத்தில். ருவாண்டாவை 1930களில் ஆண்ட பெல்ஜியர்கள், ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் அவர் எந்தச் சமூகம், ஹூட்டுவா, டுட்சியா என்று எழுதிவைத்தார்கள். ஒரே மொழி, ஒரே மதம், ஒரே மலைச்சரிவில் வீடு, கலந்து கல்யாணம். 1994இல் சாலையில் மறித்து அந்த அட்டையைத்தான் கேட்டார்கள். சுமார் நூறு நாளில் 8 லட்சம் பேர் அளவுக்குக் கொல்லப்பட்டார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிவந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. ஓட்டுப் போடுவதற்காக எழுதிய பட்டியல் அது.

நம் நாட்டில் நடக்காது என்று நினைக்கவேண்டாம். 1962இல் சீனாவோடு ஒரு மாதம் போர். அதன் தொடர்ச்சியாக அசாம், டார்ஜிலிங், கல்கத்தா பக்கங்களில் வாழ்ந்த சுமார் 3,000 சீன வம்சாவளி மக்களை ரயிலேற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், செருப்புத் தைத்தவர்கள், ஓட்டல் நடத்தியவர்கள், பாட்டிகள், கைக்குழந்தைகள். பலர் இந்தியாவிலேயே பிறந்து, அசாமியும் இந்தியும் பேசி வளர்ந்தவர்கள். ஒரு மாதப் போருக்குச் சில குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தன. வெளியே வந்தபோது வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன. அமெரிக்காவும் இதைச் செய்தது. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் 1,20,000 பேர் அளவுக்கு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். 1988இல் அந்த நாடு சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது.

இன்னும் ஒன்று நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1965 போருக்குப் பிறகு வந்தது 1968ஆம் ஆண்டின் எதிரி சொத்துச் சட்டம். பாகிஸ்தானுக்கோ சீனாவுக்கோ போய்விட்டவர்களின் சொத்து அரசின் பொறுப்பில் போகும். 2017இல் திருத்தினார்கள். அதன்படி, அப்படிப் போனவரின் வாரிசு இங்கேயே பிறந்து, இங்கேயே வாழ்கிற இந்தியக் குடிமகனாக இருந்தாலும், அந்தச் சொத்தைப் பொறுத்தவரை சட்டத்தின் கண்ணில் அவரும் எதிரிதான். தாத்தா ஒரு முடிவு எடுத்தார், பேரன் எதிரியானான். இதைவிடத் தெளிவாக 'குடும்பம் எதிரியாவது' என்பதற்கு உதாரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

காகிதம் பிரித்துவைக்கும். கை ஓங்கவைப்பது பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். போர்க்காலத்தில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தாலும் சந்தேகம், அணைந்தாலும் சந்தேகம். நாம் முந்தாவிட்டால் அவன் முந்திவிடுவான் என்ற ஒரு வரி போதும், கொலைகாரன்கூடத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறவனாக நினைத்துக்கொள்வான்.

இதை எழுதும்போது நம் பக்கத்தை மறைக்கக் கூடாது. 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரக் கெடு கொடுத்தார்கள். வட மாகாணம் முழுக்கச் சேர்த்தால் 70,000க்கும் மேற்பட்டவர்கள் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள். தமிழ் பேசுகிறவர்கள், தலைமுறையாக அங்கேயே தையல் மிஷினும் இரும்புக் கடையும் வைத்திருந்தவர்கள். காட்டிக்கொடுப்பார்கள் என்ற சந்தேகம் ஒரு சமூகத்தின் மேல் மொத்தமாக விழுந்தது. ஏழு ஆண்டுக்கு முன் கொழும்பில் கூட்டுப் பழிக்கு ஆளான மக்களின் பெயரால், அதே கூட்டுப் பழியை வேறு மக்கள்மேல் சுமத்தினார்கள். அடிபட்டவர்கள் அடிக்கமாட்டார்கள் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

போர் இல்லாமலும் இது நடக்கும், நம் பேட்டையிலேயே நடந்திருக்கிறது. 1921இல் பெரம்பூர் பி அண்டு சி மில் வேலைநிறுத்தம். ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குப் போனார்கள், சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். போனவர்களுக்கு ஒரு நாள் கூலி விட்டாலும் அடுப்பு எரியாது என்ற நிலை. நிர்வாகம் அந்தப் பிளவை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, மாதக்கணக்கில் அடிதடி. ஒருவன் வீட்டில் தீ வைத்தபிறகு, 'பாவம், அவனுக்கும் கஷ்டம்' என்று நினைக்கத் தீ வைத்தவனால் முடியாது. நினைத்தால் தன்னையே தாங்கிக்கொள்ள முடியாது. அதனால் எரிந்த வீட்டுக்காரன் கெட்டவனாகத்தான் இருக்கவேண்டும் என்று ஆகிவிடுகிறது. செய்கைக்குப் பிறகு வருகிற இந்த வெறுப்பு மிகக் கெட்டியானது, பேரன் காலம்வரை நிற்கும்.

அப்புறம் குழந்தைகள். 2025 மே மாதம் இந்தியா பாகிஸ்தான் மோதல் நடந்த அந்த நாலு நாளில் பள்ளி லீவு. வீட்டுக்கு வீடு டிவி அலறிக்கொண்டிருந்தது. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் பையன்கள் துடைப்பக்கட்டை, பிவிசி பைப் எல்லாம் எடுத்துக்கொண்டு சண்டை விளையாடினார்கள். பாகிஸ்தானாக இருக்க ஒருத்தனும் தயாரில்லை. சாட் பூட் த்ரீ போட்டுப் பார்த்தார்கள், அதுவும் சண்டையில் முடிந்தது. கடைசியில் பெரிய பையன் ஒருவன் கை நீட்டினான்.

"டேய், நீ பாகிஸ்தான்டா. நீ பாய்தான?"

"நா ஏன்டா? நானும் இந்த தெருதான?"

"வெளாட்டுக்குதான்டா, வா."

அந்தப் பையன் வந்தான். விளையாடினான், தோற்றான், சுட்டதும் விழுந்தான். மார்ச் மாதம் அவன் வீட்டிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியைச் சொம்பில் வாங்கிக் குடித்த பையன்கள்தான் மற்றவர்கள் எல்லாம். யாருக்கும் அவன்மேல் கோபம் கிடையாது. கை நீட்டியவனும் நல்ல பையன். அவனுக்கு அரசியல் தெரியாது, எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆனால் ஆட்டத்துக்கு எதிரி வேண்டும் என்றபோது யாரைக் கைகாட்டுவது என்று மட்டும் தெரிந்திருந்தது. அதை அவனுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. டிவியில் வந்த குரல், டீக்கடையில் பெரியவர்கள் பேசிய பேச்சு, வீட்டில் பாதி விழுங்கிய வார்த்தை, இதிலிருந்தெல்லாம் அவனே கூட்டிக் கழித்து எடுத்துக்கொண்டது. அடுத்த வீட்டு ஆயா ஒருவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்து, "இன்னாடா ஆட்டம் இது, எல்லாரும் கட்டைய கீழ போடுங்க" என்று அதட்டிக் கலைத்துவிட்டார்.

போர் நடக்கிற ஊரில் அப்படி அதட்ட ஆயா இருக்கமாட்டார், கட்டைக்குப் பதில் துப்பாக்கி இருக்கும். ஆயுதக் குழுக்கள் பிள்ளைகளைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் சொன்னதைச் செய்வார்கள், சாவின் அர்த்தம் முழுதாகத் தெரியாது, குறைவாகச் சாப்பிடுவார்கள், குடும்பத்தை இழந்த பிள்ளைக்கு அந்தக் குழுவே குடும்பம். இலங்கையில் புலிகள் சிறுவர்களைச் சேர்த்ததை யுனிசெஃப் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தது. 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் படையில் சேர்ப்பது போர்க்குற்றம் என்கிறது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டம். 2000இல் ஐ.நா. கொண்டுவந்த நெறிமுறை 18 வயதுக்குக் கீழே யாரையும் நேரடிச் சண்டையில் இறக்கக் கூடாது என்கிறது. துப்பாக்கி பிடித்த பிள்ளை எதிர்ப்பக்கத்துக்கு எதிரியாகத் தெரிவான். அவன் யாருடைய குற்றத்துக்குச் சாட்சி என்பதை இந்தச் சட்டங்கள்தான் நினைவில் வைத்திருக்கின்றன.

இந்தச் சக்கரத்தை நிறுத்த வழி இருக்கிறதா? பக்கத்து வீட்டுக்காரரைத் தெரிந்திருந்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. ருவாண்டாவில் கொன்றவர்களில் பலர் கொல்லப்பட்டவர்களின் பெயர் தெரிந்தவர்கள். ஆனாலும் 1983இல் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் செய்தது வாசலுக்கு வந்த கும்பலிடம் "இங்கே யாரும் இல்லை" என்று சொன்னது. பட்டியலோடு ஒத்துழைக்க மறுப்பது என்று இதைச் சொல்லலாம். உயிரைப் பணயம் வைத்த மறுப்பு.

அமெரிக்காவில் 1954இல் முஸாஃபர் ஷெரீஃப் என்ற உளவியல் ஆய்வாளர் 22 சிறுவர்களைக் கோடை முகாமுக்கு அழைத்துப்போய் இரண்டு அணியாக்கிப் போட்டி வைத்தார். சில நாட்களில் கொடியை எரிக்கிற அளவுக்குப் பகை. சேர்த்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டபோது ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள். தண்ணீர்க் குழாய் நின்றுபோய், இரண்டு அணியும் சேர்ந்து தேடினால்தான் தண்ணீர் என்ற மாதிரி வேலைகள் வந்தபிறகுதான் பகை இளகியது. அந்த ஆய்வை நடத்திய விதத்தில் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் சேர்ந்து செய்தால்தான் நடக்கும் என்ற வேலை, வெறும் ஒற்றுமைப் பேச்சைவிட வலுவானது என்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

சட்டமும் ஒரு தடுப்பு. 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம், 33ஆம் பிரிவு, தான் செய்யாத குற்றத்துக்காக யாரையும் தண்டிக்கக் கூடாது, கூட்டுத் தண்டனை கூடாது என்று சொல்கிறது. எத்தனை முறை மீறப்பட்டாலும், மீறல் என்று சுட்டிக்காட்ட அந்த வரி வேண்டும். ருவாண்டா 1994க்குப் பிறகு அடையாள அட்டையிலிருந்து ஹூட்டு, டுட்சி என்ற குறிப்பையே எடுத்துவிட்டது.

நம் ஊரில் பாக்கி இருக்கிற வேலை புழலில் இருக்கிறது. இலங்கைத் தமிழ் அகதிகள் வாழும் காவாங்கரை முகாம். 1983இல் கொழும்பிலிருந்து செய்தி வந்தபோது தமிழ்நாடே கொதித்தது, கடையடைப்பு, ஊர்வலம், வந்தவர்களுக்கு வீட்டில் இடம். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். செய்தவர்கள் ஒரு இயக்கத்தினர். ஆனால் அந்த இரவு தாண்டியதும் முகாமில் கிடந்த ஒவ்வொரு குடும்பத்தின் மேலும் சந்தேகப் பார்வை விழுந்தது. இலங்கைப் பேச்சு வாடை வந்தாலே வாடகைக்கு வீடு இல்லை என்றார்கள். அந்தக் குடும்பங்கள் எட்டு ஆண்டில் மாறவே இல்லை, நம் கணக்கில் அவர்கள் இருந்த பக்கம் மாறிவிட்டது. கொழும்பில் எந்தக் குற்றத்தை நாம் கண்டித்தோமோ, அதன் சிறிய வடிவத்தை நாமே செய்தோம்.

2009 மே மாதம் இலங்கைப் போர் முடிந்தது. தமிழ்நாட்டு முகாம்களில் 2021 கணக்குப்படி 58,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டுதான் அகதிகள் முகாம் என்ற பெயரை மாநில அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 1987 ஜூலை 1க்குப் பிறகு இங்கே பிறந்தவருக்குப் பிறப்பால் குடியுரிமை வேண்டுமென்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். முகாமில் இரண்டு பேரும் அகதிகள் என்றால் பிள்ளையும் அகதி. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. புழலில் பிறந்து, புழலிலேயே பள்ளிக்கூடம் போய், நம்மைப் போலவே 'இன்னா' போட்டுப் பேசி, காலேஜ் முடித்த ஒரு பெண் அரசு வேலைத் தேர்வுக்கு விண்ணப்பம் எடுத்தால், குடியுரிமை என்று கேட்கிற கட்டத்தில் அவளால் 'இந்தியர்' என்று எழுத முடியாது.